தழும்பு தெரியாமல் ஒரு கொலை

தரையில் மச்சான் கிடந்தான்.

கண்ணாடி முன்னால் டாக்டர் நின்றிருந்தார்.

மச்சானை என்ன செய்வது என்ற கவலை அவருக்கு இல்லை. அது மத்தியானமே முடிந்துபோன வேலை. இப்போது அவருடைய கவலை ஒன்றே ஒன்றுதான்...

தன் முகத்தில் எங்கே வெட்டிக்கொள்வது?

கையில் பார்சல் பிரிக்கிற கட்டர் இருந்தது. ரிசப்ஷன் மேஜையில் கிடக்கிற சாமான். தள்ளினால் பிளேடு நீளும், மழுங்கினால் நுனியை ஒடித்துப் போட்டுவிடலாம்.

"கேவலமான பிளேடு," என்று முணுமுணுத்தார்.

அவருடைய டிராயரில் அருமையான அறுவைக் கத்திகள் வரிசையாக இருந்தன. ஆனால் எந்தத் திருடன் அறுவைக் கத்தியோடு வருவான்? திருடனின் தரத்துக்கு இறங்கித்தான் ஆக வேண்டும்.

ஊருக்கு அவர் 'தழும்பு டாக்டர்'. தழும்பு என்று ஒன்று உடம்பில் இருக்கிறவர்கள் எல்லாரும் அவருடைய க்ரீமை வாங்கியிருப்பார்கள், அல்லது வாங்கப்போகிறவர்களாக இருப்பார்கள்.

நர்ஸுகளுக்கு அவர் 'தொட்டாச்சிணுங்கி'.

காரணம் இருக்கிறது. தோல் டாக்டரான அவர், ஆபரேஷன் மேஜையைத் தவிர வேறெங்கும் யாருடைய தோலையும் தொட்டதில்லை. எட்டி நின்று, மூக்குக் கண்ணாடியை இறக்கி, ஒரு பார்வை. அவ்வளவுதான். 'தொட்டுப் பாக்குறவன் தெரியாதவன்' என்பது அவர் கட்சி.

மத்தியானமும் அப்படித்தான். மச்சான் விழுந்ததும் எட்டி நின்று ஒரு பார்வை பார்த்தார். அசைவில்லை. முடிந்தது என்று முடிவு கட்டினார்.

தொடவில்லை.

நடந்தது இதுதான். சாயங்காலம் டாக்டருக்கு ஒரு ஹோட்டல் ஹாலில் பேச்சு இருந்ததால், அன்று க்ளினிக் மத்தியானத்தோடு மூடப்பட்டது. எல்லாரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். போட்டோ அறையில் மச்சான் மட்டும். டாக்டரின் மனைவிக்குக் கூடப் பிறந்த தம்பி. க்ரீம் விளம்பரத்துக்குப் படம் எடுப்பவன்.

"அத்தான், இனிமே என்னால முடியாது," என்றான்.

"எது முடியாது?"

"இது." ஒரு தகர டப்பாவை எடுத்து மேஜைமேல் வைத்தான்.

அந்த டப்பாவைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். நாடக மேடையில் பொய்க் காயம் போடுகிற ரப்பர் பசை அது. தோலில் தடவி, காயவைத்து, கொஞ்சம் ஊதா, கொஞ்சம் சிவப்பு தீட்டினால் அசல் தழும்பு. இழுத்தால் ரப்பராக உரிந்து வந்துவிடும். க்ரீம் விளம்பரத்தில் 'முன்பு' என்று வருகிற படம் இந்த டப்பா. 'பின்பு' என்று வருகிற படம் இதை உரித்த தோல்.

"நேத்து ஒரு பொண்ணு வந்துச்சு அத்தான். கையில கொதிக்கிற எண்ணெய் கொட்டியிருக்கு. ஆஸ்பத்திரிக்கே போகாம உங்க க்ரீமைத் தடவிக்கிட்டே இருந்திருக்கு. இப்ப ரெண்டு விரல் மடங்கினது மடங்கினபடியே ஒட்டிப்போச்சு. நான் எடுத்த போட்டோவைப் பாத்துதான் வாங்கிச்சாம்."

"படிக்கத் தெரியாத ஜென்மங்க. பலன் ஆளுக்கு ஆள் மாறும்னு டப்பாவுக்கு அடியில போட்டிருக்கோமே."

"எறும்புகூட கண்ணாடி போட்டுக்கிட்டுதான் அதைப் படிக்கணும். நான் டி.வி.யில போய்ச் சொல்லப்போறேன். டப்பாவைத் தொறந்து, அவங்க முன்னாடியே தழும்பு போட்டு, உரிச்சுக் காட்டப்போறேன்."

"நீ யாருடா? கொட்டகையில ராஜா வேஷத்துக்கு மீசை ஒட்டிக்கிட்டிருந்த பய. உங்கக்கா அழுதாளேன்னு கொண்டுவந்து வச்சேன்."

"மீசை ஒட்டினப்ப யாருக்கும் விரல் மடங்கலையே, அத்தான்."

டாக்டருக்குப் பொறுக்காமல் போனது அந்தப் பதில்தான். தொழில் போகும், பெயர் போகும் என்பதெல்லாம் அப்புறம். மீசை ஒட்டுகிறவன் தன்னைவிட நன்றாகப் பேசிவிட்டான்... அதுவும் தன் க்ளினிக்கிலேயே.

கனமான கேமரா ஸ்டாண்டு கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது.

ஒரே அடி. தலையில்.

பிறகு அறையின் ஏ.சி.யை நிறுத்தினார். அறை சூடாக இருந்தால் உடல் ஆற நேரமாகும், எப்போது செத்தான் என்று கணக்குப் போடுகிறவர்கள் குழம்புவார்கள். கையைக் கழுவினார். ஹோட்டலுக்குப் போய் 'காலமும் காயமும்' என்ற தலைப்பில் பேசினார். கை தட்டினார்கள். 'அற்பப் பதர்கள்' என்று நினைத்துக்கொண்டே புன்னகையோடு ஏற்றுக்கொண்டார்.

இதோ, திரும்பி வந்து கண்ணாடி முன் நிற்கிறார்.

கதை தயார். 'நான் உள்ளே நுழைந்தேன். திருடன் மச்சானை அடித்தான். தடுத்தேன். என்னைக் கத்தியால் கிழித்துவிட்டு ஓடிவிட்டான்.'

கிழித்தால்தான் கதை நிற்கும். செத்தவன் பக்கத்தில் ஒரு கீறல்கூட இல்லாமல் நிற்கிறவனை எல்லாரும் சந்தேகிப்பார்கள். காயம்பட்டவனுக்குத் தண்ணீர் கொடுத்து நாற்காலி போடுவார்கள்.

சரி... எங்கே?

தோலைச் சும்மா போர்த்திய போர்வை என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். அது இழுத்துக் கட்டிய கூடாரத் துணி. அடியில் தசை ஒரு பக்கம் இழுக்க, தோல் அதற்குக் குறுக்கே மடிந்து மடிந்து பழகுகிறது. அந்தப் பழக்கத்தில் உடம்பு முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத கோடுகள் ஓடுகின்றன. முகத்தில் மட்டும் வயது ஏற ஏற அவை சுருக்கமாக வெளியே வந்துவிடும். அந்தக் கோட்டின் போக்கிலேயே வெட்டினால் காயத்தின் இரு கரையும் ஒன்றை ஒன்று தேடி ஒட்டிக்கொள்ளும். குறுக்கே வெட்டினால் இழுவிசை இரு கரையையும் பிரித்துக்கொண்டே இருக்கும்... தழும்பு தடிக்கும், அகலும், காலத்துக்கும் முகத்தில் உட்கார்ந்து பல்லிளிக்கும்.

பத்தாயிரம் முகங்களைப் பார்த்த டாக்டர் தன் முகத்தில் குறுக்கே வெட்டிக்கொள்வாரா?

கை தானாகவே போனது.

நெற்றியில் ஒன்று, சுருக்கத்துக்கு உள்ளேயே. மூக்கோரத்திலிருந்து வாயோரத்துக்கு ஒன்று, சிரித்தால் மடிகிற அதே மடிப்பில். கழுத்தில் ஒன்று, பக்கவாட்டு ரேகையில், ஆழமில்லாமல்.

ரத்தம் சட்டையில் இறங்கியது. கண்ணாடியில் பார்த்தார். வலியிலும் ஒரு பெருமை வந்தது. கேவலமான பிளேடுதான். ஆனாலும் கை யாருடைய கை?

பிளேடின் நுனியை ஒடித்துக் கக்கூஸில் போட்டுத் தண்ணீர் விட்டார். கட்டரைத் துடைத்து ரிசப்ஷன் மேஜையில் வைத்தார்.

போனை எடுத்தார். குரலில் நடுக்கத்தை ஏற்றிக்கொண்டார்.

"ஹலோ... போலீஸா? சீக்கிரம் வாங்க... என் மச்சானை..."

---

அவசர சிகிச்சைப் பிரிவில் ஒரு இளம் டாக்டர் தையல் போட்டுக்கொண்டிருந்தான். பக்கத்தில் இன்ஸ்பெக்டர் நின்றிருந்தாள். முழுக்கைச் சட்டை, தேய்ந்த ஷூ, கையில் கட்டைப் பென்சில்.

வாட்ச்மேன் வேலை கிடைக்காமல் போலீஸுக்கு வந்திருப்பாள் என்று டாக்டர் தீர்மானித்துக்கொண்டார். தொடாமலே தெரிந்தது.

"நீங்க அதிர்ஷ்டக்காரர் சார்," என்றான் இளம் டாக்டர். "மூணு வெட்டும் வாயே பொளக்கலை. அதுவா வந்து ஒட்டிக்கிச்சு."

"ஊசியை இன்னும் மெல்லிசா எடு தம்பி. மனுஷத் தோலு. கோணிப்பை இல்ல."

"சாரி சார்."

இன்ஸ்பெக்டர் குனிந்தாள். "வாய் பொளக்கலைன்னா என்ன அர்த்தம்?"

இளம் டாக்டர் வாயைத் திறப்பதற்குள் தழும்பு டாக்டர் குறுக்கே விழுந்தார். "அதெல்லாம் உங்களுக்கு எதுக்கு மேடம்? திருடனைப் பிடிக்கிற வேலை கிடக்கு, பாருங்க."

"பாக்குறேன். நீங்க உள்ள வரும்போது உங்க மச்சான் எப்படி இருந்தார்?"

"நின்னுக்கிட்டிருந்தான். அந்தத் தடியன் ஸ்டாண்டைத் தூக்கி என் கண்ணு முன்னாடியே அடிச்சான். மச்சான் விழுந்தான். அந்த நிமிஷமே போயிட்டான்."

"தொட்டுப் பாத்தீங்களா?"

"நான் டாக்டர். பாத்தாலே தெரியும்."

"ஓ." பென்சில் நின்றது. "நாங்க வந்தப்ப உடம்பு நல்ல சூடா இருந்துச்சு. அதான் கேட்டேன்."

ஏ.சி.யை நிறுத்தியது வேலை செய்திருக்கிறது. டாக்டர் உள்ளுக்குள் தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டார்.

வீட்டில் அவர் மனைவி அழுது முடித்த முகத்தோடு உட்கார்ந்திருந்தாள். எழுந்து வந்து, அவருடைய முகத்துப் பிளாஸ்திரிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"என்னங்க... வலிக்குதா?"

"வலிக்காம?"

"தம்பி கடைசியா ஏதாவது சொன்னானா?"

"சொல்ற மாதிரியா அடி விழுந்துச்சு?"

அவள் தலையாட்டினாள். "க்ளினிக்ல அவனோட சாமான் கொஞ்சம் இருக்குமே. கேமரா, வர்ணப் பெட்டி, அந்த டப்பா... நான் எடுத்துக்கட்டுமா? ஞாபகத்துக்கு வேணும்."

"குப்பை. எடுத்துக்கோ."

டப்பா க்ளினிக்கை விட்டுப் போவது அவருக்கும் நல்லதாகவே பட்டது.

---

தையல் பிரித்தாகிவிட்டது. நெற்றியிலும் கன்னத்திலும் கழுத்திலும் மெல்லிய இளஞ்சிவப்புக் கோடுகள் மட்டும். இன்னும் கொஞ்ச நாளில் சுருக்கத்தோடு சுருக்கமாகக் கரைந்துவிடும்.

இன்ஸ்பெக்டர் க்ளினிக்குக்கு வந்தாள். கூடவே ஒரு கான்ஸ்டபிள். டாக்டரின் வயது, டாக்டரின் உயரம், டாக்டரைவிடக் கொஞ்சம் தொப்பை.

"திருடன் கிடைச்சானா மேடம்?"

"தேடிக்கிட்டிருக்கோம். இன்னைக்கு வந்தது என் சொந்த விஷயமா." அவள் தயங்கினாள். வலது கைச் சட்டையை மெதுவாக மேலே சுருட்டினாள். "இது போகுமா டாக்டர்?"

முழங்கையின் வெளிப்பக்கம், மடிப்பைக் குறுக்கே தாண்டி, நீளமாக ஒரு தழும்பு. தடித்து, பளபளத்து, ஊதாவும் சிவப்புமாக.

டாக்டர் நாற்காலியை விட்டு எழவில்லை. மூக்குக் கண்ணாடியை இறக்கினார். ஒரு பார்வை.

"கண்ணாடி கிழிச்சது?"

"ஜன்னல் கண்ணாடி. ஒரு ரெய்டுல."

"ரெண்டு வருஷம் இருக்கும்."

"எப்படி டாக்டர் கரெக்டா..."

"கண்ணு. எவன் தைச்சான் இதை? செருப்புத் தைக்கிறவனா? கையை முழுசா மடக்க முடியலை, இல்ல?"

கையை மேஜைமேல் நீட்டியபடியே வைத்திருந்த இன்ஸ்பெக்டர் சோகமாகத் தலையாட்டினாள். "இழுத்துப் பிடிக்குது."

"பிடிக்காம? மடிப்புக்குக் குறுக்க வெட்டு. ஒவ்வொரு தடவை கையை மடக்கும்போதும் காயத்தைப் பிடிச்சு இழுக்குறீங்க. இழுபடுது, இழுபடுதுன்னு தோல் பயந்துபோய் நாரை மேல மேல போட்டுக்கிட்டே இருக்கு. பயந்தவன் வீட்டுக் கதவுல தாப்பா மேல தாப்பா போடுற மாதிரி."

"எனக்குப் புரியுற மாதிரி முதல்லேருந்து சொல்லுங்களேன் டாக்டர். காயம் எப்படித்தான் ஆறுது?"

கேட்டிருக்கக் கூடாத கேள்வி. அல்லது, கேட்க வேண்டிய ஒரே கேள்வி. டாக்டர் நாற்காலியில் சாய்ந்தார். அலட்சியம் இருந்தது, ஆனால் சொல்லிக் கொடுக்கிற ஆசை அதைவிடப் பெரிதாக இருந்தது.

"ரோட்டுல பள்ளம் விழுந்தா என்ன பண்றாங்க? அதேதான். முதல்ல ரத்தம் உறைஞ்சு அடைச்சுக்கும். அது தடுப்புப் பலகை. அப்புறம் வெள்ளையணுக்கள் படை வரும். கிருமியைத் தின்னும், செத்ததை அள்ளும். துப்புரவு ஆளுங்க. அவங்க ஒதுங்கினதும் கொத்தனாருங்க வருவாங்க, புது ரத்தக்குழாய் போடுவாங்க, நாரா நெய்வாங்க. மேல புதுத் தோல் ரெண்டு கரையிலேருந்தும் நகந்து வந்து நடுவுல சேரும்."

"அப்ப பழைய தோல் திரும்ப வந்துடுது."

"வந்தா நான் எதுக்கு? பழைய தோல்ல நார் கூடை முடைஞ்ச மாதிரி குறுக்கும் நெடுக்கும் பின்னியிருக்கும். புதுசுல விளக்குமாத்துக் குச்சி மாதிரி எல்லாம் ஒரே பக்கமா அடுக்கிக் கிடக்கும். முடி முளைக்காது, வேர்வை வராது, பழைய பலம் முழுசா எந்தக் காலத்துலயும் வராது. உடம்புக்கு அழகெல்லாம் பெருசில்ல மேடம். ஓட்டையை அடைச்சாப் போதும். அவசரத்துல ஒட்டுப் போட்டுட்டுப் போற காண்ட்ராக்டர்."

"செவப்பா இருக்கே, அது?"

"புதுக் குழாய்ங்க. வேலை முடிஞ்சதும் அதுங்களே சுருங்கிடும். நாரையும் பிரிச்சுப் பிரிச்சு மாத்திப் போட்டுக்கிட்டே இருக்கும் உடம்பு. ஒரு வருஷம், சிலருக்கு அதுக்கு மேலயும். பாதிப் பேருக்குத் தழும்பு தானாவே மங்கும்."

"அப்ப உங்க க்ரீம்?"

"தடவணும்."

"எதுக்கு?"

"மங்கும்போது கையில ஏதாவது இருக்க வேண்டாமா?"

கான்ஸ்டபிள் சிரித்தான். டாக்டர் முறைத்ததும் கொட்டாவியாக மாற்றிக்கொண்டான்.

"அந்தப் படைன்னீங்களே, வெள்ளையணு," என்றாள் இன்ஸ்பெக்டர். "அடி விழுந்த உடனே வந்து நின்னுடுமா?"

"பட்டனை அமுக்கினா வர்ற லிஃப்டா அது? ரத்தத்துல வரணும், குழாய்ச் சுவத்தைத் துளைச்சு வெளிய வரணும், காயம் வரைக்கும் ஊர்ந்து போகணும். கூட்டமாச் சேர சில மணி நேரமாவது ஆகும்."

"ஆள் செத்துட்டா?"

"இதயம் நின்னா ரோடு மூடியாச்சு. எவன் வருவான்? செத்தவன் காயம் அப்படியே கிடக்கும், திறந்த கடை மாதிரி. ஆளே இல்லாத கடை."

"எவ்வளவு தெளிவா சொல்றீங்க!"

"வாயைப் பொளந்துக்கிட்டுக் கேட்டா எல்லாமே தெளிவுதான்."

"இன்னும் ஒண்ணே ஒண்ணு டாக்டர். குறுக்க, நெடுக்கன்னு சொன்னீங்களே, கோடு. அது என் மண்டையில ஏறலை. இவர் மூஞ்சியில கொஞ்சம் வரைஞ்சு காட்டுறீங்களா?"

கான்ஸ்டபிள் பதறினான். "மேடம், நான் பொண்டாட்டி புள்ளை இருக்கிற வீட்டுக்குப் போகணும்."

"கழுவினாப் போயிடும். உக்காருங்க."

டாக்டர் அலுத்துக்கொண்டே எழுந்தார். ஆபரேஷனுக்கு முன்னால் தோலில் குறிபோடுகிற நீலப் பேனாவை எடுத்தார். கையை நீட்டி, எட்டி நின்றே வரைந்தார். பேனா மட்டும் பட்டது. விரல் படவில்லை.

"நெத்தியில இப்படி... படுக்கை வசமா. கண்ணோரத்துல விசிறி மாதிரி. மூக்கோரத்துலேருந்து வாயைச் சுத்தி இப்படி இறங்கும். கழுத்துல மாலை போட்ட மாதிரி சுத்தி."

"கூசுது சார்."

"அசையாதே. கோடு கோணுனா கேஸ் கோணிடும்."

வரைந்து முடித்தார். கான்ஸ்டபிளின் முகம் உழுது போட்ட வயல் மாதிரி இருந்தது.

இன்ஸ்பெக்டர் இடது கையால் மேஜைமேல் இருந்த சிவப்புப் பேனாவை எடுத்தாள்.

சொல்லாமல் கொள்ளாமல் பாய்ந்தாள்.

ஒரு வீச்சு நெற்றியில். ஒன்று கன்னத்தில். மூன்றாவது, கான்ஸ்டபிள் கையால் தடுத்துக் கழுத்தை ஒதுக்கப் பார்க்கையில், காதுக்குக் கீழே.

"ஐயோ, சொல்லிட்டுச் செய்யக் கூடாதா மேடம்?"

"திருடன் சொல்லிட்டா செய்வான்?" அவள் பேனாவை மூடினாள். "டாக்டர், நீங்களும் இவரும் அப்படியே அந்தக் கண்ணாடி முன்னாடி வந்து நில்லுங்க."

நின்றார்கள்.

அதே கண்ணாடி.

கான்ஸ்டபிளின் முகத்தில் சிவப்பு மூன்றும் நீலத்தை வெட்டிக்கொண்டு கோணலும் மாணலுமாக ஓடின. நெற்றியில் நெட்டுக்குத்தாக. கன்னத்தில் காதிலிருந்து மூக்கை நோக்கி. கழுத்தில் மேலிருந்து கீழே.

பக்கத்தில் டாக்டரின் முகம். மூன்று இளஞ்சிவப்புக் கோடுகள். நெற்றியில்... மூக்கோரத்தில்... கழுத்தில்...

கான்ஸ்டபிள்மேல் அவரே வரைந்த நீலத்தின் அச்சு நகல்.

"எங்க ஸ்டேஷன்ல எல்லாரையும் பேனாவோட பாயவிட்டுப் பாத்தேன்," என்றாள் இன்ஸ்பெக்டர். "ஒருத்தருக்குக்கூட மூணும் கோட்டுல விழலை. இருட்டுல, அவசரத்துல, தடுக்கிற ஆள் மேல பாய்ஞ்ச திருடனுக்கு மட்டும் மூணும் சுருக்கத்துக்குள்ளயே விழுந்திருக்கு. நல்ல திருடன். உங்க முகம் கெட்டுடக் கூடாதுன்னு அவ்வளவு அக்கறை."

டாக்டரின் உதடு உலர்ந்தது. ஆனால் ஏளனம் உலரவில்லை.

"தற்செயல். இதைக் கோர்ட்டுல காட்டுங்க, விழுந்து விழுந்து சிரிப்பாங்க."

"சிரிப்பாங்க. அதனாலதான் இன்னொண்ணையும் உங்க வாயாலயே கேட்டு வச்சுக்கிட்டேன். உங்க மச்சான் தலைக் காயத்துலேருந்து ஒரு துணுக்கை எடுத்து மைக்ராஸ்கோப்ல பாத்திருக்காங்க, டாக்டர். நீங்க சொன்னீங்களே படை... கூட்டம் கூட்டமா வந்து நின்னுச்சாம்."

இன்ஸ்பெக்டர் கட்டைப் பென்சிலை அவர் பக்கம் நீட்டினாள்.

"உங்க கண்ணு முன்னாடி அடிபட்டு, அந்த நிமிஷமே போயிட்டார்னு சொன்னீங்க. அப்ப ரோடு மூடியிருக்கணும். கடையில ஆளே இருந்திருக்கக் கூடாது. ஆனா சில மணி நேரம் ரோடு திறந்து கிடந்திருக்கு. அவரை அடிச்சது மத்தியானம். அப்ப க்ளினிக்ல இருந்தது நீங்க ஒருத்தர்தான். நீங்க மேடையில நின்னு காயம் எப்படி ஆறும்னு பேசிக்கிட்டிருந்தப்ப, இங்க தரையில ஒரு காயம் ஆறப் பாத்துக்கிட்டிருந்திருக்கு."

"பொய்..." என்றார் டாக்டர். "அவன் மத்தியானமே... நான் பாத்தேன்..."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே கேட்டது.

"தொட்டுப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்ங்க."

வாசலில் அவருடைய மனைவி நின்றிருந்தாள். குரல் உயரவில்லை.

"நாடி இருந்திருக்கும். ஒரு போன் பண்ணியிருந்தா என் தம்பி பிழைச்சிருப்பான். ரெண்டு விரலை அவன் கழுத்துல வைக்க உங்களுக்குக் கூசிடுச்சு."

"நீ எதுக்குடி இங்க வந்தே?"

"நான்தான் இவங்களைக் கூட்டிக்கிட்டு வந்தேன். அன்னைக்கு உங்க மூஞ்சியைப் பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு. ஷேவ் பண்ணும்போது ஒரு கீறல் விழுந்தா வீட்டை ரெண்டாக்குற மனுஷன் நீங்க. மூணு வெட்டு வாங்கிட்டு ஒரு வார்த்தை புலம்பலையே. தழும்பு எப்படி வரும்னு பயமே இல்லையே."

"இந்தம்மாவுக்கு இதையெல்லாம் கேக்கச் சொல்லிக் குடுத்ததும் நீதானா?"

"ஒரு தழும்பைக் காட்டுங்க, அப்புறம் அவர் வாயை அவரே மூடமாட்டார்னு மட்டும் சொன்னேன். பொண்ணு பாக்க வந்த அன்னைக்கே என் முழங்கால் தழும்பைப் பத்தி மூச்சு விடாம பேசினவர்தானே நீங்க."

கான்ஸ்டபிள் விலங்கை எடுத்தான். முகத்தில் நீலமும் சிவப்புமாக, பார்க்கக் கோமாளிபோல இருந்தான். அந்தக் கோமாளி தன் மணிக்கட்டைத் தொடுவதுதான் டாக்டருக்குத் தாங்கவில்லை.

"தொடாதே. நானே வர்றேன்."

விலகி நின்றார். கடைசித் துருப்பு ஒன்று அவரிடம் பாக்கி இருந்தது. இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பி, மடக்காமல் நீட்டியே வைத்திருந்த அவள் வலது கையை எட்டி நின்றே பார்த்துச் சிரித்தார்.

"நல்லா யோசிச்சுக்குங்க மேடம். அந்தத் தழும்பு உள்ளுக்குள்ள நரம்பு வரைக்கும் பிடிச்சுப்போச்சு. நாள் ஆக ஆக இன்னும் இறுகும். அதை எடுக்க இந்த ஊர்ல என்னை விட்டா ஆள் கிடையாது. என்னை உள்ள போட்டீங்கன்னா ஜென்மத்துக்கும் உங்க கை மடங்காது."

இன்ஸ்பெக்டர் அவரையே பார்த்தாள்.

பிறகு கையை மடக்கினாள். நீட்டினாள். மறுபடியும் மடக்கினாள்... எண்ணெய் போட்ட கதவு மாதிரி.

டாக்டரின் மனைவி கைப்பையைத் திறந்து ஒரு தகர டப்பாவை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

இன்ஸ்பெக்டர் இடது கை நகத்தைத் தழும்பின் ஓரத்தில் கொடுத்து நெம்பினாள். ஊதாவும் சிவப்புமாக அது ரப்பராக நீண்டு, மெல்ல, மொத்தமாக உரிந்து வந்தது. அடியில் மாசு மருவில்லாத தோல்.

உரித்ததை மேஜையில் இருந்த டாக்டரின் க்ரீம் டப்பாமேல் பத்திரமாக ஒட்டினாள்.

"பாருங்க டாக்டர்... உங்க க்ரீமைத் தடவாமலே போயிடுச்சு."